இழப்பீடு கொடுத்தாச்சு. அடுத்த பிரியாவோட காலைத் தொட்டுப் பார்க்க ஆள் போட்டாச்சா?

தோழர்களே,

இது நீளமான பதிவு. ஸ்க்ரோல் பண்ணிட்டுப் போயிடாதீங்க. ஐந்து நிமிஷம் கொடுங்க.

எங்க ஈக்காட்டுத்தாங்கல்ல ஒரு தம்பி இருக்கான். பெயர் வேண்டாம். அப்பாவுக்கு கிண்டி எஸ்டேட்டில் லேத் வேலை. பையன் கல்லூரிக் கால்பந்து அணியில் டிஃபெண்டர். பந்து ஆடுறதாலதான் அவனுக்கு அந்தக் கல்லூரியில் சீட்டே கிடைச்சது. வீட்டில் எல்லாருக்கும் ஒரே கணக்கு: இன்னும் ரெண்டு வருஷம் நல்லா ஆடினா, 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு அரசு வேலை.

போன வருஷம் ஒரு மேட்சில் கணுக்கால் உடைஞ்சது. மாவுக்கட்டு போட்டு நாலு வாரம் படுக்கை. கட்டோடவே சொந்த ஊர்த் திருவிழாவுக்கு ராத்திரி பஸ்ஸில் போயிட்டு வந்தான். கட்டைப் பிரிச்ச கொஞ்ச நாளில் அந்தக் காலோட கெண்டைச் சதை வீங்கிச்சு. தொட்டா சூடு. ஒரு கிளினிக்கில் தசைப்பிடிப்புன்னு சொல்லி மாத்திரை கொடுத்தாங்க. தெரிஞ்சவர் ஒருத்தர் எண்ணெய் போட்டு நீவி விட்டார். நாலாவது நாள் மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்கிச்சு. தொண்ணூறு நிமிஷம் ஓடுற பையனால ஒரு மாடி ஏற முடியலை.

அரசு மருத்துவமனைக்குத் தூக்கிட்டு ஓடினோம். ராத்திரி டூட்டியில் இருந்த ஒரு இளம் டாக்டரம்மா அவனை ஒரு கேள்விதான் கேட்டாங்க: "சமீபத்துல கட்டு போட்டிருந்தியாப்பா?" அப்புறம் அளவு டேப் எடுத்து ரெண்டு கெண்டைக்காலையும் அளந்தாங்க. ஒண்ணு மூணு சென்டிமீட்டருக்கு மேல பெருசு. உடனே ஸ்கேன். காலோட ஆழமான ரத்தக் குழாயில் ரத்தம் உறைஞ்சு அடைச்சிருந்தது. அதில் ஒரு துண்டு உடைஞ்சு நுரையீரல் வரைக்கும் போயிருந்தது.

ஊசி போட்டாங்க. அப்புறம் ஆறு மாசம் பிளட் தின்னர் மாத்திரை. அது சாப்பிடுற வரைக்கும் ஒரு மோதல், ஒரு டேக்கிள் கூட வாங்கக் கூடாது. உள்ளே ரத்தம் கசிஞ்சா லேசில் நிக்காது. முதல்ல நடை, அப்புறம் மெல்ல ஓட்டம், அப்புறம் தனியா பந்து. மாத்திரையை நிறுத்தலாம்னு டாக்டர் சொன்ன பிறகுதான் ஆட்டம். போன ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏழு மாசம் கழிச்சு பூட் கயிறு கட்டி மைதானத்தில் இறங்கினான்.

நாங்க எல்லாரும் கைதட்டினோம். எனக்கு மட்டும் உள்ளுக்குள்ள வேற ஒரு பெயர் ஓடிட்டே இருந்தது.

பிரியா.

ஞாபகம் இருக்கா?

வியாசர்பாடிப் பொண்ணு. 17 வயசு. ராணி மேரி கல்லூரியில் உடற்கல்வி படிச்ச கால்பந்து வீராங்கனை. முழங்கால் ஜவ்வு கிழிஞ்சதுக்காக 2022 நவம்பர் 7 அன்று கொளத்தூர் பெரியார் நகர் அரசு மருத்துவமனையில் ஆர்த்ரோஸ்கோபி செய்தாங்க. சின்னத் துளை போட்டுச் செய்யுற அறுவை சிகிச்சை. உலகம் முழுக்க விளையாட்டு வீரர்களுக்குத் தினமும் நடக்குறது. பல பேர் மறுநாளே வீட்டுக்குப் போயிடுவாங்க.

சிகிச்சைக்குப் பிறகு ரத்தம் கசியாம இருக்கக் காலைச் சுற்றி ஒரு அழுத்தக் கட்டு போடுவாங்க. அந்தக் கட்டு மிக இறுக்கமா இருந்ததால் காலுக்கு ரத்த ஓட்டம் நின்னு போச்சு. இதை நான் சொல்லலை. அன்றைய மக்கள் நல்வாழ்வுத் துறை அமைச்சர் மா. சுப்பிரமணியன் சொன்னது. வலி தாங்க முடியலைன்னு அந்தப் பொண்ணு சொன்னதா குடும்பத்தார் சொன்னாங்க. ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனைக்கு மாத்தினாங்க. காலை எடுத்தாங்க. நவம்பர் 15 அன்று பிரியா இறந்து போனாங்க.

மருத்துவமனைப் படுக்கையில் இருந்தபடியே, கவலைப்படாதீங்க, நான் திரும்ப வருவேன்னு நண்பர்களுக்கு ஸ்டேட்டஸ் வச்ச பொண்ணு. நம்ம எல்லாரோட போனிலும் அந்த ஸ்க்ரீன்ஷாட் சுத்திச்சு.

ஒண்ணைத் தெளிவா சொல்லிடறேன். எங்க தம்பிக்கு வந்ததும் பிரியாவுக்கு நடந்ததும் ஒரே நோய் கிடையாது. இவனுக்கு ரத்தம் உள்ளே உறைஞ்சது. அந்தப் பொண்ணுக்கு வெளியே இருந்த கட்டு ரத்தத்தை நிறுத்திச்சு. ஆனா ரெண்டு பேருடைய காலும் முன்கூட்டியே சேதி சொல்லிச்சு. வீக்கம், வலி, சூடு, இல்லைன்னா ஜில்லுனு ஆகுறது, மரத்துப் போறது, விரல் நிறம் மாறுறது. ரத்தம் போகாம நின்ன தசை ஆறு மணி நேரம் போல ஆனா திரும்பப் பிழைக்காது. செத்த தசையிலிருந்து வர்ற நச்சு சிறுநீரகத்தைத் தாக்கும், இதயத்தைத் தாக்கும். அந்த ஆறு மணி நேரத்துக்குள்ள யாராவது ஒருத்தர் கால் விரலைத் தொட்டுப் பார்க்கணும். இவனுக்கு ஒரு டாக்டரம்மா தொட்டுப் பார்த்தாங்க. இவன் ஞாயிற்றுக்கிழமை ஆடுறான்.

இப்போ இவங்களுக்குப் பதில் சொல்வோம்

முதல் கூட்டம்: "அதான் 10 லட்சம் கொடுத்தாச்சே. வீடு கொடுத்தாச்சு, அண்ணனுக்கு வேலை கொடுத்தாச்சு, ரெண்டு டாக்டரை சஸ்பெண்ட் பண்ணியாச்சு. இன்னும் என்ன வேணும்?"

கொடுத்தது சரிதான். கொடுக்க வேண்டியதும்தான். முதல்வரே வீடு தேடிப் போனார். ஆனா அதெல்லாம் அந்தக் குடும்பத்துக்குச் செலுத்த வேண்டிய கடன். அடுத்து அறுவை சிகிச்சைக் கட்டிலில் படுக்கப்போற பொண்ணுக்கு என்ன செஞ்சீங்க? கேள்வி அதுதான். சஸ்பெண்ட் பண்ணினா அந்த ரெண்டு பேர் மாறுவாங்க. வார்டு மாறுமா? பெரியார் நகரில் இப்போ பெரிய புதுக் கட்டடம் எழுந்தாச்சு. சந்தோஷம். ராத்திரி ரெண்டு மணிக்கு அந்தக் கட்டடத்தில் ஒரு கட்டிலிலிருந்து "கால் மரத்துப் போச்சு சிஸ்டர்"னு குரல் வந்தா, ஓடி வர எத்தனை கால் இருக்கு?

இதைச் சும்மா கேட்கலை. பிரியா இறந்து ஆறரை வாரத்தில், 2022 டிசம்பர் 31 அன்று, கொரோனா காலத்தில் ஒப்பந்தத்தில் எடுத்த 2 ஆயிரத்துக்கும் மேற்பட்ட நர்ஸ்களுடைய பணியை அரசு முடிச்சு வச்சது. அவங்க ரோட்டில் உட்கார்ந்த பிறகு வேற திட்டத்தில் வேலை தர்றோம்னு சொன்னாங்க. கவனிக்க ஆள் இல்லாம ஒரு கால் போச்சு, உயிர் போச்சுன்னு ஊரே அழுதுட்டு இருந்த நேரத்தில், கவனிக்கிற ஆளைக் குறைக்கிற ஆணை. இதுக்கு என்ன பதில்?

ரெண்டாவது கூட்டம் இன்னும் ஆபத்தானது: "ஜி.எச்.சுக்குப் போனா இப்படித்தான். பிரைவேட்டுக்குப் போயிருக்கணும்."

சொல்றவங்க யாருன்னு பாருங்க. கம்பெனி இன்சூரன்ஸ் கார்டு பாக்கெட்டில் வச்சிருக்கிறவங்க. நானும் அந்த ஆள்தான். டெக் பார்க்கில் வேலை, கழுத்தில் ஐடி கார்டு. எனக்கு முட்டி போனா ஏசி ரூம் கிடைக்கும். வியாசர்பாடியில், கண்ணகி நகரில், எங்க தெருவில் பந்து உதைக்கிற பிள்ளைக்கு எது கிடைக்கும்? அரசு மருத்துவமனை அவங்களுக்கு ஒரு சாய்ஸ் இல்லை. அது ஒண்ணுதான் இருக்கு. எங்க தம்பிக்கு "தசைப்பிடிப்பு"ன்னு சொன்னது காசு வாங்கின கிளினிக். அவனைக் காப்பாத்தினது காசு வாங்காத அரசு மருத்துவமனை. அதனால அரசு மருத்துவமனையைக் கைவிடச் சொல்ற எவனும் ஏழைக்கு நண்பன் கிடையாது. இது நம்ம வரிப்பணத்தில் நடக்குது, நம்ம தாத்தா பாட்டி போராடி வாங்கினது. உரிமையோட உள்ளே போய் உரிமையோட கேள்வி கேட்போம்.

கேள்விதான் கேட்கணும். கத்தி எடுக்கக் கூடாது. 2024 நவம்பர் 13 அன்று எங்க ஏரியாவுக்குப் பக்கத்தில், கிண்டி கலைஞர் நூற்றாண்டு மருத்துவமனையில், டூட்டியில் இருந்த டாக்டரைக் குத்தினாங்க. அன்னைக்கும் நம்ம டைம்லைனில் சில பேர் "டாக்டருங்க மேல மக்களுக்கு அவ்வளவு கோபம்"னு நியாயம் பேசினாங்க. வெட்கம். அளவு டேப் எடுத்து ரெண்டு காலையும் அளந்தவங்களும் அதே மாதிரி ஒரு டாக்டர்தான். ஒரே ராத்திரியில் எத்தனை நோயாளியைப் பார்த்துட்டு எங்க தம்பிகிட்ட வந்தாங்களோ. கோபம் போக வேண்டிய இடம் கட்டிலுக்குப் பக்கத்தில் இல்லை, கோட்டையில் இருக்கு.

மூணாவது கூட்டம் நாம். ஆமா, நாமதான். 2022 நவம்பரில் ஐடி விங்கில் உட்கார்ந்து நானும் பிரியாவுக்கு போஸ்டர் டிசைன் பண்ணினேன். கருப்பு பார்டர், ஒரு மெழுகுவத்தி, ஒரு ஹேஷ்டேக். ட்ரெண்ட் ஆச்சு. ஒரு வாரத்தில் அடுத்த பிரச்சினை வந்தது, அடுத்த ஹேஷ்டேக் போட்டோம். பிரியா பெயரில் என்ன மாறணும்னு ஒரு கோரிக்கை கூட எழுதி வைக்கலை. மூணு வருஷத்துக்கு மேல தாமதமா அதைத்தான் இப்போ எழுதறேன்.

திரும்ப வர்றதுன்னா என்ன?

அமெரிக்க டென்னிஸ் வீராங்கனை செரீனா வில்லியம்ஸை எல்லாருக்கும் தெரியும். 2010-ல் கண்ணாடித் துண்டு காலைக் கிழிச்சது. அறுவை சிகிச்சை, கட்டு, படுக்கை. 2011 தொடக்கத்தில் நுரையீரலில் ரத்தம் உறைஞ்சது. 2012-ல் விம்பிள்டன், ஒலிம்பிக் தங்கம், யு.எஸ். ஓபன். 2017 செப்டம்பரில் குழந்தை பிறந்த மறுநாள் மூச்சு முட்டிச்சு. எனக்கு ஸ்கேன் எடுங்க, ரத்தம் உறையாத மருந்து கொடுங்கன்னு அவங்களே கேட்டாங்க. வலி மருந்து மயக்கத்தில் பேசறாங்கன்னு நர்ஸ் நினைச்சாங்க. விடாம கேட்டாங்க. ஸ்கேன் எடுத்தா நுரையீரலில் உறைஞ்ச ரத்தம். அடுத்த ஜூலையில் விம்பிள்டன் இறுதிப் போட்டி ஆடினாங்க.

உலகத்தின் நம்பர் ஒன் வீராங்கனையே சண்டை போட்டுத்தான் தன் உடம்பு சொல்றதைக் கேட்க வைக்க முடிஞ்சது. அப்போ 17 வயசு வியாசர்பாடிப் பொண்ணு சொன்னா கேட்பாங்களா?

திரும்ப வர முடியாம போனவங்களும் உண்டு. அமெரிக்கக் கூடைப்பந்து வீரர் கிறிஸ் பாஷுக்கு 2015-ல் உறைவு வந்தது, தேறி வந்து ஆடினார். 2016-ல் மறுபடி வந்தது. அதோட ஆட்டம் முடிஞ்சது. உயிர் இருக்கு, குடும்பம் இருக்கு. விக்டர் வெம்பன்யாமாவுக்கு 2025 பிப்ரவரியில் தோள்பட்டையில் உறைவு. மீதி சீசன் முழுக்க உட்கார வச்சு, அக்டோபரில்தான் களத்தில் இறக்கினாங்க. ஆடலாமா கூடாதான்னு முடிவெடுக்க அங்கே மருத்துவக் குழு இருக்கு. வெளியே உட்கார்ந்த காலத்துக்கும் சம்பளம் உண்டு.

நம்ம ஊர்க் கல்லூரிப் பிள்ளைக்கு? காயம்னு சொன்னா டீமில் இடம் போகும். இடம் போனா சீட்டுக்கே ஆபத்துன்னு பயம். அதனால வலியை மறைச்சுட்டு ஸ்ப்ரே அடிச்சுட்டு ஆடுறாங்க. எங்க தம்பியும் முதல் மூணு நாள் மறைச்சான், தோழர்களே. மறைச்சதுக்குக் காரணம் வீரம்னு நினைக்காதீங்க. ஃபீஸ்.

2022-ல் மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட் நடத்தினோம். நேப்பியர் பாலத்துக்கே கருப்பு வெள்ளைக் கட்டம் அடிச்சோம். பெருமைதான். மூணே மாசத்தில் பிரியா. 2024-ல் தீவுத்திடலைச் சுற்றி ராத்திரி கார் ரேஸ் ஓட்டினோம். பிரியா உயிர் போன மருத்துவமனைக்குக் கொஞ்ச தூரத்தில்தான் அந்த ட்ராக். விழா நடத்துறது தப்புன்னு சொல்லலை. கார் ரேஸில் ட்ராக் ஓரமா டாக்டரும் ஆம்புலன்ஸும் தயாரா நிக்கும். அது விதி. கல்லூரி மேட்சுக்கு அந்த விதி எங்கே?

நம்ம கோரிக்கை இதுதான்

1. சாலை விபத்தில் அடிபட்டா முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம்னு 2021 டிசம்பரில் திட்டம் வந்தது. நல்ல திட்டம். மைதானத்தில் அடிபடுற பள்ளி, கல்லூரி வீரர்களுக்கும் அதை விரிவாக்கணும்.

2. கை கால் அறுவை சிகிச்சை, மாவுக்கட்டு எதுவா இருந்தாலும், கட்டிலில் ஒரு அட்டை தொங்கணும். தமிழில். விரல் நிறம், சூடு, அசைவு, உணர்ச்சி, நாடி, வலி. எத்தனை மணிக்கு யார் பார்த்தாங்கன்னு கையெழுத்து. நோயாளியோட அம்மாவும் படிக்கிற மாதிரி. "வலி கூடுது"ன்னு எழுதின நிமிஷத்திலிருந்து மூத்த டாக்டர் எத்தனை நிமிஷத்துக்குள் வரணும்னு அதே அட்டையில் அச்சடிச்சிருக்கணும்.

3. கட்டு போட்டு அனுப்புற ஒவ்வொருத்தருக்கும் ரத்தம் உறையுற ஆபத்து எவ்வளவுன்னு கணிக்கணும். வீக்கம், மூச்சு வாங்கல் வந்தா உடனே வாங்கன்னு எழுதிக் கொடுத்து அனுப்பணும்.

4. காயம்பட்ட கல்லூரி வீரருக்கு ஒரு வருஷம் வரைக்கும் சீட்டும் கட்டணச் சலுகையும் பறிபோகாதுன்னு அரசாணை. கூடவே காப்பீடு. மருத்துவர் சான்று இல்லாம எந்தப் பயிற்சியாளரும் திரும்ப இறக்கக் கூடாது.

5. ஒவ்வொரு மாவட்டத்திலும் அரசு விளையாட்டு மருத்துவப் பிரிவு. 2023 ஜூனில் திறந்த கிண்டி மருத்துவமனையில் 1,000 படுக்கை இருக்கு. அங்கிருந்தே தொடங்கலாமே.

6. நர்ஸ் காலியிடங்களை நிரந்தரமா நிரப்பணும். மேலே சொன்ன அஞ்சும் ஆள் இல்லாம நடக்காது.

நான் படிச்சது இன்ஜினியரிங். என் ஆபீஸில் ஒரு சர்வர் ராத்திரி ரெண்டு மணிக்குச் சூடானா நாலு பேர் போனுக்கு அலர்ட் வரும். அஞ்சு நிமிஷத்தில் யாரும் எடுக்கலைன்னா மேனேஜருக்குப் போகும். ஒரு இரும்புப் பெட்டிக்கு இவ்வளவு ஏற்பாடு. ஒரு பொண்ணோட கால் ஜில்லுனு ஆனா யார் போன் அடிக்கும்? இதுக்குப் பெரிய தொழில்நுட்பம் வேண்டாம், கோடிகளும் வேண்டாம். ஒரு அட்டை, ஒரு பேனா, தொட்டுப் பார்க்க ஒரு கை.

நீங்க செய்ய வேண்டியது

இந்த ஆறையும் காப்பி பண்ணி, உங்க பெயர், வார்டு எண் போட்டு, உங்க கவுன்சிலருக்கும் எம்.எல்.ஏ.வுக்கும் மனுவா கொடுங்க. நம்ம கட்சிக்காரரா இருந்தாலும் கொடுங்க. ரசீது வாங்குங்க. போட்டோவை கமெண்ட்டில் போடுங்க. ஈக்காட்டுத்தாங்கல் மனுவை நான் இந்த வாரமே கொடுக்கிறேன், முதல் போட்டோ என்னோடது.

அப்புறம் உங்க தெருவில் பந்து ஆடுற பிள்ளைங்ககிட்ட இதைச் சொல்லுங்க. ஒரு கால் மட்டும் வீங்கினா, சூடா இருந்தா, நீவி விடாதீங்க. உறைஞ்சது நகர்ந்து நுரையீரலுக்குப் போகலாம். கட்டு போட்ட காலில் வலி கூடிக்கிட்டே போனா, விரல் மரத்துப் போனா, விடியட்டும்னு காத்திருக்காதீங்க. மூச்சு வாங்கினா 108.

ஞாயிற்றுக்கிழமை எங்க தம்பி இருபது நிமிஷம்தான் ஆடினான். அதுக்கு மேல கோச் விடலை. வெளியே வந்தவன் தண்ணி கேட்கலை. சாக்ஸை இறக்கி, கெண்டைக்காலைக் கையால அமுக்கிப் பார்த்தான். அப்புறம் எங்களைப் பார்த்துக் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினான்.

பிரியா இருந்திருந்தா இந்நேரம் பட்டம் வாங்கியிருக்கணும், தோழர்களே. மனுவை எடுத்துட்டுக் கிளம்புங்க.

#காலைத்_தொட்டுப்_பாருங்க
#களம்_திரும்பும்_உரிமை